உறுமிக்குள் ஏதோ ஒன்று

எனக்குக் கோபம் வரும். வந்தால் லேசில் போகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னிடம் வந்து, "டெரிக், நீ கொஞ்சம் பொறுமையா இருந்திருக்கலாம்லா" என்று ஆரம்பிக்க வேண்டாம். அதைச் சொல்வதற்கென்றே வில்லியம் என்று எனக்கு ஒரு அண்ணன் இருக்கிறான். மாதா கோயில் பங்குக் கமிட்டியில் இருக்கிறான். மைக்கைக் கொடுத்தால் திருப்பித் தரமாட்டான்.

பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் ஒரு சிப் தொழிற்சாலையில் நான் எஞ்சினியர். அதாவது எஞ்சினியராக இருந்தேன். என் வேலை சத்தம் கேட்பது. சிரிக்காதீர்கள், உண்மையாகவே அதுதான் வேலை. மூடி ஒட்டி முடித்த சிப்பை ஒரு இயந்திரத்தில் வைத்துக் குலுக்குவோம். உள்ளே தூசி அளவு உலோகத் துணுக்கு ஏதாவது சிக்கியிருந்தால் உருளும். உருண்டால் ரிஜெக்ட். இதில் பேச்சுக்கே இடமில்லை.

ஒரு நாள் ஒரு பெட்டி சிப் முழுவதிலும் உள்ளே உருண்டது. நான் சிவப்புச் சீட்டு ஒட்டினேன். மேனேஜர் வந்து சீட்டைக் கிழித்தான். "கஸ்டமர் காத்துக்கிட்டு இருக்கான், டெரிக். வேற மிஷின்ல போட்டுப் பாரு, பாஸ் ஆகும்" என்றான். "இது பிளேன்ல போற சாமான். மேலே போய் நின்னுச்சுன்னா நீ பிடிப்பியா?" என்று கேட்டேன். அவன் சிரித்தான். சிரித்திருக்கக் கூடாது. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி அவனுடைய காப்பிக் கோப்பைக்குள் போட்டுவிட்டு வெளியே வந்தேன். தொழிற்சாலை பஸ் சாயங்காலம்தான் வரும் என்பது வாசலுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. வெயிலில் நடந்தேன், வழி நெடுக அவனைத் திட்டிக்கொண்டே.

அப்புறம் என்ன செய்தாய் என்று கேட்பீர்கள். உறுமி செய்தேன்.

அது ஒன்றும் திடீரென்று வந்த கிறுக்கு இல்லை. என் லைனில் வாசு என்று ஒரு டெக்னீஷியன். சுங்கை பினாங்கில் ஒரு காளியம்மன் கோயிலுக்கு உறுமி மேளக் குழு நடத்துகிறவன். தோல் கிழிந்த உறுமி ஒன்றை அவன் ஒருமுறை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தான், செத்த குழந்தையை வைத்திருப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு. "குடுடா பாப்போம்" என்று பாலத்துக்கு அந்தப் பக்கம் சிம்பாங் அம்பாட்டில் இருக்கிற என் வீட்டுக்கு எடுத்துப் போனேன். பிரித்தேன், பார்த்தேன், புதுத் தோல் போட்டேன். இடுப்பு சிறுத்த மேளம் அது. வலப்பக்கத் தோலை நீளக் குச்சியால் அடிக்க வேண்டும். இடப்பக்கத்தை அடிக்கக் கூடாது, வளைந்த குச்சியால் அழுத்தித் தேய்க்க வேண்டும். தேய்த்தேன். உறுமியது. நிறுத்த மனமில்லாமல் திரும்பத் திரும்பத் தேய்த்தேன். பக்கத்து வீட்டு நோர்மா அக்கா வாசலுக்கே வந்துவிட்டார், என்ன ஆச்சு என்று. அந்த உறுமலுக்குத்தான் கோயிலில் சாமி இறங்கும். சாமி இறங்காவிட்டால் உறுமி வெறும் விறகு. அன்றிலிருந்து ஓவர்டைம் போகிற சனிக்கிழமைகளை எல்லாம் நான் தோலோடு கழித்தேன். வேலையை விட்டதும் கார் நிறுத்துகிற இடத்தில் பட்டறையைப் போட்டேன், கார் மழையில் நின்றது.

அம்மாவுக்குச் சொல்லப் போன நாள் மறக்காது. அம்மா பெயர் ஜூலியானா. சுங்கை பினாங்கில் அடுக்குமாடி வீட்டில் வில்லியத்தோடு இருக்கிறார். காளியம்மன் கோயில் அந்த அடுக்குமாடிக்குப் பின்னால்தான்.

"தோலைத் தொடறதுக்கா உன்னை யூனிவர்சிட்டிக்கு அனுப்புனேன்?" என்றார்.

"தோல்னா என்னம்மா? நீ போடற செருப்பு என்ன, பிளாஸ்டிக்கா?"

"வாயை மூடு. எங்க தாத்தா எதுக்கு ஞானஸ்நானம் வாங்குனாருன்னு தெரியுமா உனக்கு? சாவு வீட்டுக்குச் சாவு வீடு கொட்டடிச்சாரு. சோத்தை வாசல்ல வச்சுப் போட்டானுங்க. கொட்டுக்காரன்னு இனி ஒருத்தனும் கூப்பிடக் கூடாதுன்னுதான் வேதத்துக்கு வந்தாரு. நீ கோட்டு சூட்டு போட்டுப் பட்டம் வாங்கிட்டு, திரும்பவும் அங்கேயே போயி உக்காரப் போறியா?"

"அவரை அவமானப்படுத்துனவனுக்குத்தான் வெக்கம் இருக்கணும். நமக்கு எதுக்கு?"

"பேசுவடா. உனக்கு யாரு பொண்ணு குடுப்பா?"

வில்லியம் சோபாவிலிருந்து, "அது பேய் மேளம் டெரிக். ஃபாதர் கேட்டா என்ன சொல்வாரு?" என்றான். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. நான் கத்தினேன், அம்மா கத்தினார், கீழ்வீட்டுக்காரர்கள் சன்னலைச் சாத்தினார்கள். கத்திய கத்தலில் வாயை விட்டேன். "சரி! என் முதல் உறுமி அந்தக் கோயில்ல நிக்கலேன்னா, சாமி இறங்கலேன்னா, திரும்பக் கம்பெனிக்கே போறேன். அந்த நாயிகிட்டயே போயி நிக்கறேன். போதுமா?"

"மாதா மேல சத்தியமா?"

"மாதா மேல சத்தியமா!"

இப்படித்தான் மாட்டிக்கொண்டேன். அம்மாவுக்கு முகம் தெளிந்துவிட்டது. போய்க் காப்பி போட்டார்.

அடுத்த தலைவலி கோயில் தலைவர் மோகனராஜ். வாசு என்னை அழைத்துப் போய், "இவருதான் தலைவரே, புது உறுமி செய்யறவரு" என்றான். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கழுத்தில் கிடந்த சிலுவையில் கண் நின்றது.

"வேதக்காரரா?"

"ஆமா."

"சுத்தபத்தமா செய்வீங்களா? எங்க ஆத்தா மூணு வருசமா யாரு மேலயும் எறங்கல தம்பி. சாமியாடற காமினி மேலதான் வருவா. இப்ப வர மாட்டேங்கறா. எங்கேயோ ஒரு குத்தம் நடந்திருக்கு. கவிச்சி கிவிச்சி சாப்பிட்டுட்டு மேளத்தைத் தொட்டீங்கன்னா..."

"அண்ணே, உங்க குழுவுல அடிக்கிற பசங்க கோழிக்கடையில உக்காந்திருக்கறதை நான் பாத்திருக்கேன்."

வாசு என் காலை மிதித்தான். நான் மிதிக்குப் பயந்தவன் இல்லை, ஆனால் நிறுத்திக்கொண்டேன். அன்று முதல் அசைவத்தைத் தொடவில்லை. பக்தி ஒன்றும் இல்லை, ரோஷம்தான். நோர்மா அக்கா பெருநாளுக்குக் கொடுத்த ரெண்டாங் இறைச்சிக் கறியை மோந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அந்த வயிற்றெரிச்சல் முழுவதையும் உறுமிக்கான பலாமரத்தில் காட்டிக் குடைந்தேன். ஒரு பக்கத் தோலை வளையத்தில் இழுத்துக் கட்டி முடித்தேன். மறுபக்கம் திறந்து கிடந்தது.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்து, வில்லியம் அம்மாவைக் காரில் கூட்டி வந்தான். வேலையை விட்டதிலிருந்து அம்மா என் வீட்டுக்கு வந்ததே கிடையாது. வந்தவர் பட்டறையைப் பார்த்தார், மூக்கைச் சுளித்தார், ஒரு நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். நானும் வில்லியமும் சாப்பாடு வாங்கப் போய் வந்தோம். வரும்போது அம்மா உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். சாயங்காலம் நான் மறுபக்கத் தோலையும் போட்டுக் கயிற்றை இறுக்கினேன்.

கோயிலில் வெள்ளோட்டம். திருவிழாவுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் வெட்டினார்கள். பழைய பேப்பரைக் கொளுத்தி அந்தச் சூட்டில் உறுமியைக் காட்டினான் வாசு. தோல் விறைக்க எல்லாரும் செய்வதுதான். காமினி அக்கா மஞ்சள் சேலையில் வந்து நின்றார். பகலில் ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கிற அக்கா. அமைதியான ஆள்.

வாசு தேய்த்தான். என் உறுமி உறுமியது. அடடா, அந்தக் குரலை நான் செய்தேன் என்று நெஞ்சு நிமிர்ந்த அந்த நொடியில் கேட்டது. கிலுக்.

உள்ளே ஏதோ உருண்டது.

கிலுக், கிலுக். ஒவ்வொரு உறுமலுக்கும் பின்னால் ஒரு கிலுக். வேறு யாருக்குக் கேட்டிருந்தாலும் பரவாயில்லை. எனக்குக் கேட்டது! பத்து வருடத்துக்கு மேல் இந்த ஒரு சத்தத்தைக் கேட்பதற்குத்தான் சம்பளம் வாங்கினேன். காதில் காய்ச்சிய ஈயத்தை ஊற்றியதுபோல் இருந்தது. என்னைச் சுற்றி ஆட்கள் "தாயே! தாயே!" என்று கூவுகிறார்கள், காமினி அக்காவின் தோள் குலுங்குகிறது, முடி அவிழ்கிறது, எனக்கு ஒன்றும் கண்ணில் படவில்லை. பாய்ந்துபோய் வாசுவின் கையைப் பிடித்தேன்.

"நிறுத்துடா! ரிஜெக்ட்!"

மேளம் நின்றது. காமினி அக்கா பாதி ஆட்டத்தில் அப்படியே நின்று, கண்ணைத் திறந்து, தூக்கத்தில் எழுப்பிவிட்டவர்போல் சுற்றும் முற்றும் பார்த்தார். அப்போதுதான் நான் என்ன செய்தேன் என்று எனக்கு உறைத்தது. மோகனராஜ் ஓடி வந்தார். "மூணு வருசத்துக்கு அப்புறம் ஆத்தா வர்றா, வர்ற நேரத்துல மேளத்தைப் பிடிச்சு நிறுத்தறானே! இவனுக்கு என்ன தெரியும்? வேதக்காரனைக் கூப்பிடாதேன்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன்!"

"உள்ளே ஏதோ கெடக்குதுண்ணே. இப்படிக் குடுத்தா என் பேரு நாறிடும்."

"இப்ப மட்டும் மணக்குதாக்கும்!"

உறுமியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து கயிற்றை அவிழ்த்து, தோல் வளையத்தைத் தூக்கி, கவிழ்த்துத் தட்டினேன். விழுந்தது. நகத்தளவு அலுமினிய மெடல். மாதாவின் தாய் அன்னம்மாள் படம் பொறித்தது. புக்கிட் மெர்தாஜாமில் அவள் கோயில் திருவிழாவில் விற்கிற மெடல். அம்மாவின் கைப்பையில் எப்போதும் ஒரு கொத்து கிடக்கும். டார்ச் அடித்துப் பார்த்தேன். மேளத்தின் இடுப்புக்குள், கையை நன்றாக நுழைத்தால்தான் எட்டுகிற இடத்தில், மெழுகு வழிந்து காய்ந்திருந்தது. ஃபாதர் மந்திரித்துக் கொடுக்கிற மெழுகுவர்த்தி. மெழுகு! நெருப்பில் காட்டப் போகிற சாமானில் மெழுகை வைத்தா ஒட்டுவார்கள்? கோந்து கிடைக்கவில்லையா? பட்டறை முழுக்க நாலு வகைக் கோந்து வைத்திருக்கிறேனே!

எப்படிப் பாலத்தைத் தாண்டினேன் என்று தெரியாது. அம்மா வீட்டுக் கதவை உடைக்காத குறைதான். மெடலை மேசைமேல் எறிந்தேன். அது உருண்டு கீழே விழுந்தது.

"இதுக்குத்தானே வந்தே? பாக்கற மாதிரி வந்து, சாப்பிடற மாதிரி சாப்பிட்டு... என் மேளம் பாடாம போகணும். நான் திரும்ப அந்த நாயிகிட்டப் போயி நிக்கணும். அதுக்குத்தானே உள்ளே வச்சே?"

அம்மா குனிந்து மெடலை எடுத்தார். முந்தானையில் துடைத்து முத்தம் கொடுத்தார். "அன்னம்மாளைக் கீழே போட்டியே" என்றார்.

"பதில் சொல்லு!"

சொல்லவில்லை. மெடலை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார். பிறகு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். என் அம்மா பதில் பேசாமல் போய் நான் பார்த்ததே இல்லை. அதற்கும் சேர்த்துத்தான் எனக்குக் கோபம் வந்தது.

திரும்பவும் தோலைப் போட்டேன். இம்முறை ஊசி விழுந்தால் கேட்கிற சுத்தம். குலுக்கினேன், கவிழ்த்தேன், காதை வைத்துக் கேட்டேன். ஒரு குறை கிடையாது. மோகனராஜின் கையைக் காலைப் பிடித்து மறுபடியும் ஒரு வெள்ளோட்டத்துக்கு வாசு அனுமதி வாங்கினான்.

வாசு தேய்த்தான். உறுமி அருமையாக உறுமியது. காமினி அக்கா நின்றார். வாசு வேர்த்து ஊற்றத் தேய்த்தான். காமினி அக்கா பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்போல் நின்றார். பெண்கள் கிசுகிசுத்தார்கள். அக்காவின் கண் கலங்கியது. கடைசியில் அவரே கையெடுத்துக் கும்பிட்டு, "போதும் தம்பி" என்றார்.

மோகனராஜ் என்னிடம் வந்து மெதுவாகத்தான் பேசினார். கத்தியிருந்தால் தேவலை. "திருவிழா அன்னைக்கு முதல் ஆட்டம் இந்த மேளத்துல. ஆத்தா வரலேன்னா ஈப்போவுல இருந்து வர்ற மேளம் ரெடியா நிக்கும். நீங்க உங்க சாமானை எடுத்துக்கிட்டுப் போயிடுங்க."

போதாக்குறைக்கு அன்றே பழைய மேனேஜரிடமிருந்து செய்தி. 'உன் இடம் காலியாத்தான் இருக்கு. எப்ப வர்றே?' கூடவே ஒரு காப்பிக் கோப்பைப் படம். ஃபோனைச் சுவரில் அடிக்கக் கையை ஓங்கிவிட்டேன்.

வாசு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். தலையைச் சொறிந்தான்.

"அண்ணே, கோச்சுக்காதீங்க. அன்னைக்கு உள்ள ஒண்ணு கிலுக் கிலுக்னுச்சே..."

"அதான் எடுத்துட்டேனே!"

"அதைத் திரும்பப் போட முடியுமா?"

நான் அவனை அடிக்கவில்லை. இன்று வரை அது எனக்கே ஆச்சரியம்.

"காமினி அக்காதான் கேட்டாங்கண்ணே. 'உறுமலுக்குப் பின்னால யாரோ கொலுசு போட்டுக்கிட்டு நடந்து வந்த மாதிரி கேட்டுச்சு, அதுக்குத்தான் எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு'ன்னாங்க. அது என்ன சாமான்ணே?"

சொன்னேன். வாசு வாயைப் பொத்திக்கொண்டான். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆத்தாளுக்குத் தெரியும்ணே. தலைவருகிட்ட எதுக்குச் சொல்லணும்?" என்றான்.

அம்மாவிடம் போவதா? செத்தாலும் போகமாட்டேன் என்று உறுமிக்குள் பத்து சென் காசைப் போட்டுப் பார்த்தேன், உண்டியல் குலுக்குகிற சத்தம். வாஷர் போட்டேன், பழைய சைக்கிள். சலங்கை மணி போட்டேன், ஐஸ்கிரீம் வண்டி வருகிறது என்று தெருப் பிள்ளைகள் வந்து நின்றார்கள். அலுமினியத் தகட்டை அதே அளவுக்கு வெட்டிப் போட்டும் பார்த்தேன். எதுவும் சரியாக வரவில்லை. அல்லது என் காதுக்குத்தான் வரவில்லையோ என்னவோ. திருவிழா மறுநாள் என்றாகிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு பாலம் ஏறினேன்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மெடல் அவர் கழுத்துச் சங்கிலியில், தாலியோடு தொங்கியது.

"அது வேணும்" என்றேன்.

"எது?"

"அன்னம்மாள்."

"எதுக்கு? இன்னொருவாட்டி கீழே போடறதுக்கா?"

பொய் சொல்ல எனக்கு வராது. கோபக்காரனுக்கு அது ஒரு வசதிக்குறைவு. எல்லாவற்றையும் சொன்னேன். கிலுக் சத்தம், காமினி அக்கா, ஈப்போ மேளம், எல்லாம். அம்மாவின் கை கீரையில் நின்றது.

"என் அன்னம்மாளை உள்ள போட்டு உங்க காளியைக் கூப்பிடப் போறியா?"

"ஆமா. கூப்பிடலேன்னா நான் கம்பெனிக்குப் போறேன். உனக்கு வேண்டியதும் அதுதானே? வேணும்னா குடுக்காதே. ஜெயிச்சுட்டுப் போ!"

அம்மா எழுந்தார். கீரைத்தட்டை நகர்த்திய வேகத்தில் அது பாதி தரையில் கொட்டியது. நான் செய்த சத்தியம் என்னை மட்டும்தான் சுடுகிறது என்று நினைத்திருந்தேன்.

"ஆமாடா, எனக்கு வேண்டியது அதுதான்! நீ கம்பெனிக்குப் போகணும், கல்யாணம் கட்டணும், ஒருத்தனும் உன்னைக் கொட்டுக்காரன்னு சொல்லக் கூடாது. தினமும் அதைத்தான் வேண்டிக்கறேன். ஆனா மேளத்துல எதுக்கு வச்சேன்னு ஒரு வார்த்தை கேட்டியா? வந்தே, எறிஞ்சே, கத்துனே. உங்க அண்ணன் புதுசா காடி வாங்குனான், அந்தக் காருக்குள்ள வச்சேன். நீ வீடு வாங்குனே, நிலைப்படிக்கு மேல வச்சேன், இன்னைக்கு வரைக்கும் உனக்குத் தெரியாது. முதல் நாளு வேலைக்குப் போனப்ப உன் பையில வச்சேன். நீ மேளம் செஞ்சே, மேளத்துல வச்சேன். வேற எங்கடா வைப்பேன்?"

குனிந்து, கொட்டிய கீரையை அள்ளித் தட்டில் போட்டேன்.

"நல்லா பேசணும்னுதான் வச்சேன்" என்றார். சங்கிலியின் கொக்கி அவருக்கு எட்டவில்லை. நான் கழற்றிவிட்டேன். மெடலை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார், வலிக்கிற அளவுக்கு.

திருவிழா அன்று நல்ல வெயில். முதல் ஆட்டத்துக்கே ஈப்போ மேளக்காரர்கள் ஓரமாக வந்து நின்றிருந்தார்கள். வாசு வளைகுச்சியை அழுத்தித் தேய்த்தான். உறுமல் எழுந்தது, அதன் பின்னாலேயே கிலுக். இப்போதும் அந்தச் சத்தம் என் பல்லைக் கூசவைத்தது. ரிஜெக்ட், ரிஜெக்ட் என்று காது அடித்துக்கொண்டது. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன், பாய்ந்து பிடித்துவிடுவேனோ என்று பயந்து.

காமினி அக்காவின் தோள் குலுங்கியது. தலை பின்னால் சாய்ந்தது. பிறகு ஒரு கூச்சல் போட்டார் பாருங்கள், கோயில் கூரையில் இருந்த புறா எல்லாம் கலைந்து பறந்தது. "தாயே!" என்று கூட்டம் தரையில் விழுந்தது. அக்கா ஆடினார். மூன்று வருட ஆட்டத்தையும் சேர்த்து ஆடினார். வாசு அழுதுகொண்டே தேய்த்தான்.

மோகனராஜ் நெற்றி நிறைய விபூதியோடு வந்து என் கையைப் பிடித்தார். "பாத்தீங்களா தம்பி? சுத்தபத்தமா செஞ்சா ஆத்தா வருவா. நான்தான் அன்னைக்கே சொன்னேனே!" உண்மை நாக்கு நுனி வரை வந்தது. வாசு அங்கிருந்தே என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். "ஆமாண்ணே" என்றேன்.

சட்டைப் பையில் ஃபோன் அதிர்ந்தது. அம்மா. நிமிர்ந்து பார்த்தேன். பின்னால் அடுக்குமாடியின் நடைபாதையில், துணி காய்கிற கம்பிகளுக்கு நடுவே ஒரு வெள்ளைத் தலை தெரிந்தது.

"கேக்குதுடா" என்றார் அம்மா. ஃபோனை உறுமிப் பக்கம் நீட்டிப் பிடித்துவிட்டுக் காதுக்குக் கொண்டுவந்தேன். பிறகு அவர், "அடுத்த மேளம் எப்ப செய்யப் போறே? பையில இன்னும் நாலஞ்சு அன்னம்மாள் கெடக்கு. மெழுகுவர்த்தியும் எடுத்துக்கிட்டு வர்றேன்" என்றார்.

"மெழுகு வேண்டாம்மா!" என்று கத்தினேன். விழுந்து கும்பிட்டவர்கள் எல்லாரும் எழுந்து என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.